எந்த மாசம் பட்டினின்னு ரோமம் சொல்லிடும்

எங்க கம்பெனிக்கு ஆட்டு ரோமம் வாங்கும்போது நான் முதல்ல பண்றது ஒண்ணுதான். பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு, காதுகிட்ட வச்சு வெடுக்குன்னு இழுப்பேன். நல்லா இருந்தா கம்பிய சுண்டுன மாதிரி ணங்குன்னு கேக்கும். இல்லன்னா சரசரன்னு உடையுற சத்தம். அன்னைக்கு ஆடு மேய்க்கிற ஒருத்தர் இறக்குன லாட்டுல எந்த மூட்டைல கைய விட்டாலும் சரசரதான், அதுவும் எல்லாம் ஒரே இடத்துல, நுனியிலருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி.

ஒண்ணு ரெண்டு ஆட்டு முடி அப்படி உடைஞ்சா காய்ச்சல் வந்திருக்கும், இல்ல குட்டி போட்டிருக்கும்னு விட்டுடலாம். மந்தை முழுக்க ஒரே இடத்துல உடைஞ்சா எல்லா ஆடும் ஒண்ணா பட்டினி கிடந்திருக்குன்னு அர்த்தம், தீனி இல்லாதப்ப முடி வளரும், ஆனா அந்த இடத்துல மட்டும் மெலிஞ்சு வளரும். நுனிதான் பழசு, வெட்டுன பக்கம் புதுசு. போன தடவை பிப்ரவரில கத்தரிச்சாங்க, அப்ப ஆகஸ்ட், கணக்கு போட்டா ஏப்ரல். "ஏப்ரல்ல என்னண்ணா ஆச்சு?"ன்னு கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். அப்புறம் சொன்னார், வழக்கமா கிடை போட, அதாவது எருவுக்காக வயல்ல ஆட்ட அடைக்க, கூப்பிடுற ஊர்ல அந்த வருஷம் தண்ணி இல்ல, அறுத்த காட்டுல மேய தட்டை கூட இல்ல, பகல் வெயில்ல ஆடு நிக்காதுன்னு ராத்திரியில ஓட்டிட்டு போனோம்னு. நான் ரெண்டாம் தரம்னு எழுதி விலைய குறைச்சு சொன்னேன். "ஆட்ட சாக விடாம கூட்டிட்டு வந்தேன் தாயி, அதுக்கா விலைய குறைக்கிற?"ன்னார்.

நான் பதில் சொல்லல. இன்னைக்கும் அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப போறேன்.

என் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. அவர் வச்சிருந்தது தக்காணி ஜாதி ஆடு, அந்த ரோமம் ஏற்கனவே முரடு, மெரினோ ஆட்டோட மெல்லிசு ரோமம் மாதிரி வழுக்கிட்டு வராது. அத வில்லால அடிச்சு பிரிச்சு ராட்டைல நூக்குற அக்காங்களுக்கு எடைக்குத்தான் கூலி. நூல் நாலு முழத்துக்கு ஒரு தடவை அறுந்தா நிறுத்தி ஒட்டணும், திரும்ப சுத்தணும், அப்ப அன்னைக்கு நூத்த எடை பாதி ஆயிடும். அவருக்காக முதல் தரம்னு போட்டிருந்தா அந்த நஷ்டம் நேரா அவங்க தலையில விழும், அவங்க யாரும் என்கிட்ட வந்து கேக்கவும் மாட்டாங்க. ரோமத்துல இருக்குறதத்தான் நான் எழுதுனேன்.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. எங்க லேபிள்லயே மந்தை போட்டோ இருக்கு, எந்த மேய்ச்சல் நிலம், எந்த ஆடுன்னு எழுதுறோம், வாங்குறவங்களுக்கும் அதுதான் பிடிக்குது. அந்த வேலைய மனசார செஞ்சது நான்தான். பஷ்மினான்னா லடாக்ல 4,000 மீட்டருக்கு மேல சாங்தாங்குல மேயுற வெள்ளாடு, முடி தடிமன் 12லருந்து 15 மைக்ரான், வசந்தத்துல தானா உதிர ஆரம்பிக்கும்போது சீவி எடுப்பாங்கன்னு இவ்வளவும் நிறைய பேர் சொல்றாங்க. தக்காணிய யாருக்கு தெரியும்? கர்நாடகா, மகாராஷ்டிரா, தெலங்கானா வறண்ட பூமியெல்லாம் நடக்குற கருப்பு ஆடு, அதோட ரோமம்தான் மேய்க்கிறவங்க முதுகுல கம்பளியா கிடக்கும், இப்ப ரோமத்துக்கு விலை இல்லாம பல இடத்துல கத்தரிச்சு அப்படியே கொட்டிட்டு போறாங்க, கத்தரிக்கிற கூலிக்கே கட்டுப்படி ஆகல. அதனால கறிக்கு எடை நிக்குற, ரோமம் வளராத வேற ஜாதி கிடாவ பட்டில விடுறாங்க, நாலஞ்சு தலைமுறைல ரோமமே இருக்காது. அப்படி விடாம வச்சிருந்த ஒருத்தர்கிட்டதான் நான் விலைய குறைச்சேன்.

ஆட்ட தெரிஞ்சுக்கணும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றோமே, தெரிஞ்சது யாருக்கு உதவுச்சு? ஒண்ணும் தெரியாத ஒரு வியாபாரி மொத்தமா எடை போட்டு ஒரே விலைக்கு எடுத்துட்டு போயிருப்பான், அவருக்கு அதுவே லாபம். ஏப்ரல் வரைக்கும் படிக்கத் தெரிஞ்சதாலதான் என்னால குறைக்க முடிஞ்சுது. இத எழுதும்போதே, தெரியாம எடுக்குற வியாபாரிங்களாலதானே ரோமம் குப்பைக்கு போச்சுன்னும் தோணுது. ரெண்டும் உண்மைதான்.

அந்த லாட்டுல ஒரு கொத்த தனியா எடுத்து வச்சிருக்கேன். அடி நல்ல கருப்பு, நுனி வெயில் பட்டு செம்பட்டை, நடுவுல கண்ணுக்கு எதுவுமே தெரியாது. விரலால தடவுனா மட்டும் ஒரு இடத்துல மெலியும்.

நூக்காம ரோமத்த அமுக்கி செய்யுற விரிப்பு, நமதா, அதுக்கு அனுப்பிடலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அதுக்கு நீளமும் வேணாம், பலமும் வேணாம், அமுக்கி எடுக்குறதுதானே. ஆனா அதுக்கு விலை இன்னும் கம்மி. கடைசில நூக்கவே குடுத்தோம். குறைச்ச காச கம்பெனி வச்சுக்கக் கூடாது, நூக்குற கூலில கிலோவுக்கு சேத்துக் குடுங்கன்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. அது எனக்கு அப்ப பெரிய ஆறுதலா இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, அந்த ஏப்ரலுக்கான செலவு கம்பெனி மேலயும் விழல, வாங்குறவங்க மேலயும் விழல, முழுசா அவர் ஒருத்தர் மேலதான். லேபிள்ல விலைய ஏத்தியிருக்கலாம். அடுத்த மீட்டிங்ல அதத்தான் கேக்கப் போறேன், இந்த வருஷமும் மழை பிந்தியிருக்கு.