அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால்

மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளை அவ்வப்போது ஓரிரு நாட்கள் எங்கள் வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெற்றோருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. "ஒரு ராத்திரி வச்சுப் பார்த்துக்கிறதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் நடப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் குழந்தை இங்கே வராது. நான்தான் அங்கே போவேன். அம்மா சாப்பாடு ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எந்தப் பக்கத்திலிருந்து ஊட்டுகிறார், தாடையை எப்படித் தாங்கிக்கொள்கிறார், ஒரு வாய் விழுங்கி முடிய எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று கவனிப்பேன். விழுங்குவதில் சிரமம் உள்ள பல குழந்தைகளுக்கு வெறும் தண்ணீரே ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பராமரிப்புத் திட்டத்தில் 'திரவங்களைக் கெட்டியாக்கித் தரவும்' என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அம்மாவின் கை செய்வதெல்லாம் அந்த வரியில் வராது.

அப்புறம் குழந்தை அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வரும். அடுத்து, அம்மா இல்லாமல் ஒரு மதியம். அதெல்லாம் சரியாகப் போன பிறகுதான் இரவு. இந்த வரிசையைச் சுருக்கச் சொல்லிச் சில நேரம் இந்த ஏற்பாட்டை நடத்தும் அலுவலகத்திலிருந்து நெருக்குவார்கள். நான் சம்மதிப்பதில்லை. பேச்சு புரியாத பிள்ளையிடம் "நாளைக்கு அம்மா வந்துடுவாங்க" என்று சொல்லி என்ன பயன்? எங்கள் வீட்டுப் படம், கட்டிலின் படம், அம்மாவின் படம் என்று அட்டைகளை வரிசையாகக் காட்டுகிறோம். அதைவிட, போய்த் திரும்பி, போய்த் திரும்பித்தான் அம்மா வருவாள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வருகிறது.

இரவு என்று வந்துவிட்டால் எதிலும் ஊகத்துக்கு இடமில்லை. மருந்துகளை லேபிளோடு உள்ள டப்பாவில்தான் வாங்குவேன். எண்ணி வாங்கி, கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு, மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு எடுக்கும் குழந்தையின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் குழாயில் தண்ணீர் செலுத்த வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒருக்களித்துப் படுக்கவைப்பேன், வாயில் எதையும் திணிக்க மாட்டேன். 5 நிமிடம் தாண்டும் வலிப்பு அவசர நிலை. அதற்கென மருத்துவர் எழுதிக்கொடுத்த மிடசோலாம் மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் விடப் பயிற்சி எடுத்திருக்கிறேன். அந்தப் பயிற்சி இல்லாதவரிடம் அப்படிப்பட்ட குழந்தையை ஒப்படைக்கவே கூடாது.

வலியைக் கண்டுபிடிப்பதுதான் இன்றும் எனக்குக் கடினமான பாடம். பேசாத குழந்தை எல்லாம் வலித்தால் அழும் என்றில்லை. எங்களிடம் வரும் ஒரு பெண் வலி வந்தால் சத்தமே இல்லாமல் ஆகிவிடுவாள். சமர்த்தாக இருக்கிறாள் என்று புதியவர் ஒருவர் சந்தோஷப்படக்கூடும். அவள் அமைதியானால் காய்ச்சல் பார், காதைப் பார் என்று அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரவில் போன் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பதில் சொல்வேன், அதுவும் வேலைதான். "பிள்ளையை விட்டுட்டு நிம்மதியா தூங்குறது தப்பில்லையா அக்கா?" என்று ஒருவர் கேட்டார். வருடக்கணக்கில் ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைத்தவர் அவர். தப்பே இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், அதற்கப்புறமும் பல முறை சொன்னேன். அந்த வீட்டில் ஒரு தங்கையும் இருக்கிறாள். அண்ணன் எங்களிடம் இருக்கும் நாளில்தான் அப்பா அம்மா இருவரோடும் சேர்ந்து வெளியே போக முடிகிறது அவளுக்கு.

2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, குழந்தைகள் மறைக்கப்படாமலும் கைவிடப்படாமலும் இருக்க, குடும்பங்களுக்குத் தகவலும் சேவையும் ஆதரவும் தொடக்கத்திலேயே தரப்பட வேண்டும் என்கிறது. 'தொடக்கத்திலேயே' என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். மூன்று வயதில் தூக்கிய பிள்ளையைப் பன்னிரண்டு வயதிலும் தூக்கி, முதுகு போன பிறகுதான் பல குடும்பங்களுக்கு இந்த ஓய்வு கிடைக்கிறது. அப்போது வரும் குழந்தைக்கு வீடும் புதிது, கைகளும் புதிது, அம்மாவும் பக்கத்தில் இல்லை. சீக்கிரமே தொடங்கி, ஒரே வீட்டுக்குத் தவறாமல் வந்து போவதுதான் நல்லது. அப்படி வந்துபோகும் பையன் ஒருவனின் அம்மாவுக்குத் திடீரென்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் எங்களிடம்தான் இருந்தான், வழக்கமாகப் படுக்கும் கட்டிலில். வேளாவேளைக்குச் சாப்பிட்டான், தூங்கினான். நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இருக்கவில்லை.