தீவனத்தை வைத்துப் பாலைக் கணிப்பது: ஆனேக்கல் கறவைகளின் கணக்கு, இதுவரை

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் தொழுவங்கள், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்), ஜெர்சி கலப்பின மாடுகள். மாடு வாரியாக எழுதுவது: ஈன்ற தேதி, எத்தனையாவது ஈற்று, சினை மாதம், இருவேளைப் பால், கொழுப்பு, போட்ட தீவனம், தொட்டியில் மிஞ்சியது. பால் ஊற்றும் கூட்டுறவு சொசைட்டியின் சீட்டு போதாது. வீட்டுக்கு எடுத்ததும் கன்று குடித்ததும் அதில் வராது.

எடைக்கு டேப் போதும். மார்புச் சுற்றளவு 70 அங்குலம், உடல் நீளம் 60 என்றால் 70×70×60÷660, ஏறக்குறைய 445 கிலோ.

தீவனத்தை ஈரத்தோடு எடை போட்டால் கணக்கு நாசம். 20 கிலோ நேப்பியர் புல்லில் உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சுவது) சுமார் 4 கிலோதான்; 5 கிலோ கேழ்வரகுத் தட்டையிலேயே 4.5 இருக்கும். இங்கே பலர் போடும் பீர் சக்கை (பீர் காய்ச்சியபின் மிஞ்சும் தானியச் சக்கை) இன்னும் தொல்லை, லோடுக்கு லோடு ஈரம் மாறும். நறுக்கிய 100 கிராமை மைக்ரோவேவில், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை நிறுக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளிலிருந்து பாலைக் கணிக்க முதலில் ஓட்டிய ரேண்டம் ஃபாரஸ்ட் (பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி மாடல்) அசத்தலாகக் கணித்தது. அந்த அசத்தலை நம்பக் கூடாது. காரணம் இரண்டு. ஒரே மாட்டின் வேறு வேறு நாள்கள் மாடல் கற்கும் தரவிலும் அதைச் சோதிக்கும் தரவிலும் இருந்தால் மாடல் மாட்டை அடையாளம் கண்டு ஒப்பிக்கிறது. மாடு வாரியாகத்தான் பிரிக்க வேண்டும். இன்னொன்று ஆழமானது: இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு மாதிரியான கலவை) என்று பாலைப் பார்த்துத்தான் தீவனமே வைக்கிறார்கள். மாடல் கற்றது மாட்டின் உடலை அல்ல, வைப்பவரின் கைக்கணக்கை. ‘ஒரு கிலோ கூட்டினால் எவ்வளவு ஏறும்?’ என்று அதைக் கேட்பது வீண்.

ஆகவே அடிப்படையை மாற்றியாயிற்று. 1967-இல் வுட் என்ற ஆய்வாளர் தந்த கறவை வளைவு (ஈன்ற பின் பால் ஏறி இறங்கும் போக்கைச் சொல்லும் சூத்திரம்) முதலில். அதிலிருந்து விலகும் அளவை மட்டும் மாடல் விளக்கட்டும். கூடவே ஆற்றல் கணக்கு: 420 கிலோ மாடு பால் தராமல் உடலைக் காக்க மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 7.4 மெகா கலோரி, 4% கொழுப்புள்ள பால் கிலோவுக்கு ஏறத்தாழ 0.73. கிலோவுக்கு 1.4 மெகா கலோரி தரும் உலர்பொருள் 12 கிலோ தின்றால் மிஞ்சுவது 9.4, பால் 13 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாக ஈன்றது இதைத் தாண்டும், உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறப்பதால். கடைசி மாதங்களில் கீழே நிற்கும். தின்றதில் ஒரு பங்கு கருவுக்கும் உடம்புக்கும் போகிறது.

அடுத்தது, கைக்கணக்கை உடைத்துப் பார்ப்பது: ஈன்று 100 நாள் கடந்த மாடுகளில் சிலவற்றுக்கு அடர்தீவனத்தைப் படிப்படியாக ஒரு கிலோ மாற்றி, இரண்டு வாரம் விட்டு அளப்பது. புதுக்கறவையில் தொடக் கூடாது. உச்சத்துக்கு முன் குறைத்தால் அந்த ஈற்று முழுவதும் பால் அடிபடும்.