அம்மா ரிட்டயர் ஆகிறார்

இந்தக் கல்வியாண்டோடு அம்மா பணி ஓய்வு பெறுகிறார். கணக்கு டீச்சர். வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அப்பா மட்டும் "இனிமே எனக்குத்தான் வீட்டுப்பாடம்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருடம் வகுப்பறையில் பேசிப் பேசிக் குரல் கரகரத்துவிட்டது. தொண்டை டாக்டர் "டீச்சரா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆசிரியர்களுக்குக் குரல்நாண் பாதிப்பு சகஜமாம். கத்தக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். கத்தாமல் எப்படி வகுப்பெடுப்பது என்று அம்மா திருப்பிக் கேட்டார். டாக்டர் சிரித்துச் சமாளித்தார். நாள் முழுக்க நின்றதில் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது தனிக்கதை.

விடைத்தாள் திருத்தும்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும். விடை தப்பென்றால் உடனே சுழிக்க மாட்டார். எந்த வரியில் சறுக்கினான் என்று விரல் வைத்துத் தேடுவார். "கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோக மறந்துட்டான், மத்தபடி சரியாத்தான் போட்டிருக்கான்" என்று அதுவரைக்கும் மதிப்பெண் போடுவார். எனக்கெல்லாம் அந்தப் பொறுமையில் பாதி வந்தாலே பெரிய விஷயம்.

இப்போது தன் இடத்துக்கு வரப்போகும் டீச்சருக்காக ஒரு நோட்டு எழுதுகிறார். யாருக்குக் கண்ணாடி தேவைப்படலாம், யார் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறான், யாரைக் கடைசி பெஞ்சில் விடக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. "பிரிவு உபசார விழாவில் என்னம்மா பேசப் போறே?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம், முதல்ல இந்த நோட்டை முடிக்கணும்" என்கிறார்.