இரண்டாம் பாகம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் நான் முதலில் பழகிய வேலை பசை காய்ச்சுவது. 1975ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பு. நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த சேர் வெள்ளிக்கிழமைகளில் மணி அடித்த பிறகு எங்களில் நாலைந்து பேரை மறித்து வைப்பார். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை துருசு, அதாவது மயில்துத்தம் போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துக் கிண்டவேண்டும். கட்டி படக்கூடாது. துருசு நஞ்சு என்பதால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒருவரையும் வீட்டுக்கு விடமாட்டார். துருசு கலந்த பசையை இராமபாணப் பூச்சி தொடாது என்று சொல்லித் தந்தவர் அவர்தான்.

திருகோணமலையில் புத்தகம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உப்புக் காற்றில் சஞ்சிகையின் நடுவில் குத்தியிருக்கும் கம்பி ஒரே மாரியில் துருப்பிடித்துவிடும். அந்தத் துரு தாளைச் சுற்றிவரப் பழுப்பாக்கி அரித்துக்கொண்டே போகும். ஆகவே எங்கள் வேலை கம்பியைப் பிடுங்குவதில் தொடங்கும். பேனாக்கத்தியின் முனையால் கம்பியின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, மறுபக்கத்தால் மெதுவாக இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் தாள் கிழியும். கிழித்தவன் அடுத்த வெள்ளி பசை மட்டும்தான் காய்ச்சலாம்.

பசை ஆறும் நேரத்தில் சேர் கதை சொல்வார். 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதிய இன்னாசித்தம்பி எங்கள் ஊர்க்காரர் என்பதும், தமிழில் வந்த முதல் வரலாற்று நாவல்களில் ஒன்றான ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையில் பிறந்தவர் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. நாயக்கர் காலத்துக் கதை, சென்னையில் அச்சாகியது. இதைச் சொல்லிவிட்டு அலுமாரியைக் காட்டுவார். “ரெண்டில ஒண்டாவது இஞ்ச இருக்கா, பாருங்கோ.” இருக்காது. ஒவ்வொரு தவணையும் காட்டினார், ஒவ்வொரு தவணையும் நாங்களும் பார்த்தோம். ஒரு புத்தகம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அந்த வயதிலேயே எனக்கு விளங்கியது அந்த அலுமாரிக்கு முன்னால்தான்.

சரி, எங்கள் வீட்டு அலுமாரிக்கு வருகிறேன்.

அம்மாவின் சொத்து ஒரு றங்குப்பெட்டி. அதற்குள் கல்கி வார இதழிலிருந்து வெட்டி எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்கள், 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது முழுவதும் இருந்தது. அப்போது அம்மாவுக்குப் பதினைந்து வயது. அம்மப்பா வாங்கிவரும் இதழை வீட்டிலே எல்லாரும் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாகத்தான் கத்தரிக்கோலை எடுப்பாவாம். ஒவ்வொரு வாரத்துப் பக்கத்தின் மூலையிலும் இதழ் கைக்குக் கிடைத்த திகதி பென்சிலால் எழுதியிருக்கும். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அந்தப் பெட்டிக்கு வீட்டில் இன்னும் மதிப்புக் கூடிவிட்டது. நாங்கள் வீரகேசரிப் பிரசுரங்களையும் ‘மல்லிகை’ இதழையும் வாசித்து வளர்ந்த பிள்ளைகள். அவை எங்களுடைய காலத்து எழுத்து, இன்றைக்கும் எனக்கு நெருக்கமானவை. ஆனாலும் மணியம் வரைந்த படங்களோடு ஒரு கதையை வாரம் வாரமாகப் புரட்டும் சுகம் வேறு. பிறகு அதே கதை எத்தனையோ பதிப்புகளாக வந்தது. படங்கள் இல்லாத பதிப்பைக் கையில் எடுத்தால் எனக்கு ஆள் இல்லாத வீட்டுக்குள் போவது போல இருக்கும்.

1978இல் அந்தப் பக்கங்களை ஐந்து பாகமாகக் கட்டித் தருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று மாதம் யோசித்துத்தான் பெட்டியின் திறப்பைத் தந்தா.

முதலாம் பாகத்தில் நிறையப் பிழை விட்டேன். ஓரத்தை அளவுக்கு மேல் வெட்டி, சில இடங்களில் வரியின் கடைசி எழுத்தையே தின்றுவிட்டேன். இரண்டாம் பாகம்தான் சரியாக வந்தது. தனித்தாள்கள் என்பதால் மடிப்பில் தைக்க முடியாது, ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டுப் பக்கத் தையல்தான். சாதாரண நூல் இரண்டு முறை அறுந்தது. என்னோடு படித்த திருக்கடலூர் நண்பன் வீட்டிலிருந்து வலை பொத்துகிற நைலோன் நூல் கொண்டுவந்தான், பச்சை நிறம். “இது சுறாவுக்கே அறாது மச்சான், உன்ர புத்தகத்துக்கு அறுமோ?” என்றான். மட்டைக்குப் பெரியப்பா ஒரு பழைய கடல் வரைபடம் தந்தார். அவர் டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்ட தாள்களில் ஒன்று. துணி போலத் தடிப்பு. அதை மடித்து ஒட்டியபோது முன்மட்டையில் கரையின் ஒரு வளைவும், தண்ணீரின் ஆழத்தைக் குறிக்கும் பொடி இலக்கங்களும் விழுந்தன. நண்பன் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். “இது பாகக் கணக்கு, ஆறடி ஒரு பாகம். இந்த இடம் எங்கட அப்பா தூண்டில் போடுற இடம்.” ஒட்டிய புத்தகத்தை ஒரு இரவு முழுக்க அம்மிக்குக் கீழே வைத்தோம். மறுநாள் காலை அம்மா சம்பல் அரைக்க முடியாமல் நின்றா, ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்துவிட்டது. உயர்தரம் படிக்கிற காலத்தில் என்னிடம் 140 புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பிறவுண் பேப்பர் உறை, முதுகில் இலக்கம், பக்கங்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை. ‘மல்லிகை’யில் விடுபட்ட ஓர் இதழுக்காக மூதூருக்குப் படகேறிப் போயிருக்கிறேன். ஆனால் இரவல் மட்டும் கொடுக்கமாட்டேன். கேட்டு வந்தவர்களை விறாந்தையில் இருத்தி அங்கேயே வாசிக்கச் சொல்வேன். தங்கச்சிக்குக்கூட ஒரு பாயில் இருந்து வாசிக்கத்தான் அனுமதி.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தி வந்தது. 97,000 புத்தகங்கள். அன்று சேர் வகுப்பு எடுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து எங்களை அலுமாரிகளுக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் வாசித்தார். நாங்கள் தேடி எடுத்து “இருக்கு சேர்” என்று சொல்லவேண்டும். பின்னேரம் இருட்டும்வரை அது நடந்தது. வெளியில் கொடுத்திருந்த புத்தகங்களின் பெயர் வந்தபோது, எடுத்த பிள்ளையின் பெயரையும் வாசித்து, “அதுவும் இருக்கு” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

1983 ஆரம்பத்தில் திருக்கடலூர் நண்பன் இரண்டாம் பாகத்தைக் கேட்டான். நூல் தந்தவன் என்பதால் மறுக்க முடியவில்லை. முதல் பாகத்தை எங்கள் விறாந்தையில் இருந்து ஏற்கெனவே முடித்திருந்தான். உள்மட்டையில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, ‘இரண்டு கிழமையில் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் ஜூலைக் கலவரம் வந்தது. பிறகு யாரும் யாருடைய வீட்டுக்கும் போகிற காலமாக இருக்கவில்லை. 1984இல் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். விமானத்தில் ஏறும்போதும் அலுமாரியில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் கண்ணுக்குள் நின்றது. அவன்மேல் கோபமாகவும் இருந்தது.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபோது அம்மாவும் தங்கச்சியும் ஆளுக்கொரு பையோடு உவர்மலை வீட்டை விட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கூரையில் பாதி இல்லை, அலுமாரி நின்ற இடத்தில் கறையான் புற்று இடுப்பளவுக்கு எழும்பியிருந்ததாம். அம்மா தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, “நாலு பாகமும் போச்சுது தம்பி” என்றா. மற்றப் புத்தகங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

ரொறன்ரோவில் என் வீட்டு நிலவறையில் இப்போது பழையபடி புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. இங்கே எதிரி வேறு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் காற்று ஈரத்தை உறிஞ்சி முதுகுப் பசையை வெடிக்க வைக்கிறது. 2005இல் ‘நூலகம்’ இணையத்தளம் தொடங்கிய பிறகு, நான் படகேறித் தேடிய ‘மல்லிகை’ இதழ்கள் திரையில் கிடைக்கின்றன. அதைச் செய்கிற பிள்ளைகளை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என்றாலும் அம்மாவின் பென்சில் திகதி எந்தத் திரையிலும் வராது.

அந்தத் திகதிகளை இன்னொரு முறை பார்த்தேன். 2003 ஏப்ரலில், சமாதான காலத்தில், ஊருக்குப் போயிருந்தேன். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திருக்கடலூருக்கு நடந்தேன். நண்பன் இந்தியாவில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் அவனுடைய அம்மா மட்டும் திண்ணையில் வலையோடு இருந்தா. பெயரைச் சொன்னதும் எழும்பி உள்ளே போனா. தேத்தண்ணீர் கொண்டுவருவா என்று நினைத்தேன். உரப்பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தா.

“தம்பி, உங்கட புத்தகம் எங்களிட்ட நிண்டுபோச்சு.”

கடல் வரைபடம் வெளுத்திருந்தது. பச்சை நூல் ஓர் இழைகூட விடவில்லை. உள்மட்டையில் என்னுடைய வெள்ளைத் துண்டுக்குக் கீழே, என் கையெழுத்தைப் பார்த்து அதே ஒழுங்கில், பதினொரு பெயர்கள் இருந்தன. பெயருக்கு நேரே எடுத்த திகதி, தந்த திகதி. 1986, 1989, 1994. அகதி முகாமில் இருந்த காலத்திலும் ஒரு வரி இருந்தது. பக்கத்து வீடுகள், சொந்தக்காரர், ஒரு தையல் ரீச்சர். எல்லாரும் திருப்பித் தந்திருந்தார்கள். பக்கங்களைப் புரட்டினேன். மூலைகளில் அம்மாவின் பென்சில் அப்படியே இருந்தது.

அவ என் பக்கத்தில் வந்து இருந்தா. வாசிக்கத் தெரியாது, மகள் வாசிக்கக் கேட்டதுதான், எத்தனை தரம் என்று கணக்கில்லை என்றா. அந்தத் தெருவுக்கே இரண்டாம் பாகம் மட்டும்தான் கதை. சுழற்காற்றில் கப்பல் போய், கடலில் தத்தளித்த இரண்டு பேரைப் பூங்குழலி தன் படகில் தூக்கிப் போட்டதோடு அது முடிந்துவிடும்.

“கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு இருந்தன் தம்பி. அந்தப் படகுக்காரப் பிள்ளை அவங்கள் ரெண்டு பேரையும் கரை சேர்த்தாளோ?”

“சேர்த்தாள் அம்மா. கோடிக்கரைக்குக் கொண்டு வந்திட்டாள். ஆனா இளவரசருக்கு நல்ல காய்ச்சல்” என்றேன். அவ வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தா. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “இஞ்ச வா, மூண்டாம் பாகம் சொல்லுறார்” என்று கூப்பிட்டா. நான் திண்ணையில் காலை மடித்து இருந்துகொண்டு, முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன்.