‘தைரியம்’ தையலகத்துக்கு டிரேட்மார்க் வாங்கிய அனுபவம்

அக்கா தையல் கடை போடுகிறாள் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். தம்பி ‘நூலகம்’ என்றான். எல்லோருக்கும் பிடித்தது; ஆனால் புத்தகம் கேட்டு ஆள் வரும் என்று அக்கா விட்டுவிட்டாள். கடைசியில் அவளே பிடித்த பெயர்தான் ‘தைரியம்’. பலகையில் ‘தை’ மட்டும் சிவப்பு. அதன் சுழியிலிருந்து ஒரு நூல் கிளம்பி மற்ற எழுத்துகளுக்கு அடியில் ஓடி ஊசியில் முடியும். நல்ல பிளவுஸ் துணியைப் புதுக் கடையில் கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் கடையே பேசுகிற மாதிரியான பெயர். இதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் டிரேட்மார்க் பதிவு வேலையில் இறங்கினேன்.

முதலில் தேடல். ஐபி இந்தியா அரசுத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். எழுத்தை வைத்து மட்டும் தேடினால் போதாது, ஒலியை வைத்தும் தேட வேண்டும். பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அளவெடுத்துத் தைப்பது 40இல் வரும், ரெடிமேட் உடை விற்றால் 25. நம் பெயரைப்போல் ஒலிக்கும் பெயர்கள் வேறு வகுப்புகளில் கிடைத்தன, 40இல் இல்லை. சரி, போடலாம் என்று முடிவு செய்தோம்.

டிஎம்-ஏ என்கிற விண்ணப்பப் படிவத்தை ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தேன். நாம் பேசும்போது ‘தை’க்கு ஒரு ஒலி, ‘தைரியம்’ என்பதில் வேறு ஒலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால்தான் இந்தச் சிலேடையே நிற்கிறது. ஆங்கில எழுத்தில் போட்டால் காணாமல் போய்விடும். அதனால் ஆங்கில வடிவத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்திலேயே, நூலும் ஊசியும் சேர்ந்த படமாக விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதுவும் எங்களுக்குத் தோதாகப் போயிற்று.

அப்புறம் டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தது. டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி ஆட்சேபம்: பெயருக்குத் தனித்தன்மை இல்லை, தையல் தொழிலையே குறிக்கிறது என்று. ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். தொழிலின் வகையையோ தரத்தையோ நேரடியாகச் சொல்லும் பெயரை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் சுலபத்தில் இடம் தராது. ‘அழகுத் தையல்’ என்று வைத்திருந்தால் வாதாடுவது கடினம்தான், அது எல்லாத் தையற்காரருக்கும் வேண்டிய சொல். ‘தைரியம்’ அப்படியில்லையே. அந்தச் சொல்லுக்கும் துணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படிக்கிறவர் ‘தை’யைத் தனியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தையல் தெரிகிறது. பதிலில் இதைத்தான் எழுதினேன், பலகையின் படத்தையும் பில் நகல்களையும் சேர்த்து. வாடிக்கையாளர் முகத்தில் சிரிப்பு வரவழைக்கும் அந்தச் சிறு தாவல்தான் சட்டத்தின் கண்ணிலும் பெயரைக் காப்பாற்றுகிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். சிலேடைப் பெயரை வெறும் விளையாட்டு என்று சொல்பவர்களோடு அன்றிலிருந்து எனக்கு ஒத்துப்போவதில்லை.

பதிலை ஏற்றுக்கொண்டு அரசின் டிரேட்மார்க் இதழில் வெளியிட்டார்கள். அதிலிருந்து நான்கு மாதம், யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யாரும் தெரிவிக்கவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ஆர் போடும் குறியைப் பதிவுக்குப் பிறகுதான் போட வேண்டும், முன்பே போடுவது குற்றம். அதுவரை டிஎம் என்ற குறி போதும். அக்கா இப்போது தைத்த சுடிதார்களையும் விற்க யோசிக்கிறாள். அதற்கு 25ஆம் வகுப்பில் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். தேடலைத் தொடங்கிவிட்டேன்.