திருவாதிரைக்கு அம்மாவைச் சுமந்தவர்கள்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயில் பொன்னம்பலவாணேசரிடம்தான் நேர்ந்துகொண்டேன். பேச்சுத் திரும்பினால் போதும், மார்கழித் திருவாதிரைக்கு அம்மாவையே கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன் அப்பனே என்று. பேச்சுத் திரும்பியது. கால்தான் மரத்தபடியே இருந்தது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், ஓட்டோகூட நுழையாத ஒழுங்கைக்குள், மேல்மாடியில். அம்மாவை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முன்வீட்டுச் சிங்கள அன்ரி கதவைத் தட்டினார். “மகள், ஆள் ஒன்றும் தேட வேண்டாம். எங்கட பொடியன்மார் இருக்கிறாங்க.” நான் கேட்கவேயில்லை. யார் சொன்னார்களோ!

விடியப்புறம், தூறல் விடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் வந்து அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, வழுக்குமென்று தங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். ஒழுங்கை முனையில் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா ஓட்டோவோடு நின்றார். சாரல் அடிக்காமல் பக்கத் திரையை முன்கூட்டியே இறக்கிக் கட்டியிருந்தார். “உம்மாவைக் கவனமாப் பிடிங்க. நான் சுபஹு தொழுதிட்டு வந்து நிற்கிறன்” என்றார்.

வாசலில் வழக்கமான தொல்லைதான். திருவாதிரை என்றதும் அர்ச்சனைத் தட்டின் விலை ஏறிவிடுகிறது. வேண்டாமென்றாலும் கையில் திணிக்கிறார்கள். உள்ளே தள்ளுமுள்ளு. கதிரையில் ஒரு நோயாளி இருக்கிறார் என்று பார்த்தும் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்களை என்ன சொல்வது? பொடியன்கள் மட்டும் மற்ற ஆண்களைப் பார்த்துவிட்டு, ஒருவரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கதிரையைத் தூக்கிப் பிடித்தபடி வழி எடுத்தார்கள்.

திரை விலகியது. தீப ஒளியில் நடராசப் பெருமானின் தூக்கிய இடது திருவடி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் தோளைப் பிடித்து எழும்பப் பார்த்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1912இல் கட்டி முடித்த கருங்கற் கோயில் அது. மார்கழி மழையில் அந்தத் தரை பனிக்கட்டி போலச் சில்லிட்டுக் கிடக்கும். அம்மாவின் பாதம் அதில் பட்டது.

“பிள்ளை, குளிருது.”

“எந்தக் காலம்மா?”

“இந்தக் கால்தான்” என்று இடது தொடையைத் தட்டினார்.

என் அப்பனே! அதற்குப் பிறகு ஐயர் என்ன ஓதினார், தட்டு யார் கைக்குப் போனது, எதுவும் எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டே நின்றேன். அம்மாதான் தெளிவாக இருந்தார். “இந்தப் பிள்ளைகள் பேரிலும் அர்ச்சனை செய்யுங்கோ” என்றார். நட்சத்திரம் கேட்டதும் பொடியன்கள் விழித்தார்கள். “சுவாமியின்ர நட்சத்திரத்திலேயே செய்யுங்கோ” என்றுவிட்டார் அம்மா.

திரும்பி வந்து வாடகையை நீட்டினால் நானா கோபித்துக்கொண்டார். அவருடைய மகளுக்கு இந்த முறை பரீட்சையாம். விளக்கேற்றும்போது அந்தப் பிள்ளையையும் நினைத்துக்கொள் என்று அம்மா என்னிடம் தினமும் சொல்கிறார்.