ஒரு கால்வாய், மூன்று கிராம சபை

விழுப்புரம் மாவட்டத்தில் எங்களுடையது சின்ன ஊராட்சி. எங்கள் தெருவில் 22 வீடு. அத்தனை வீட்டுக் கழிவுநீரும் தெருவிலேயே ஓடி, கோடியில் இருக்கும் அடிபம்பைச் சுற்றித் தேங்கி நிற்கும். அங்கே கால்வாய் போடுவதை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி 2024 ஆகஸ்ட் 15-இல் கேட்கத் தொடங்கினேன். அது முறையான தீர்மானமாக ஏறியது நவம்பர் 23-இல். நடுவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. அடுத்து கேட்கப்போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். தலைவர் தலையாட்டினார், பெண்கள் கைதட்டினார்கள், வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். செப்டம்பரில் ரேஷன் கடைப் பக்கம் கிளர்க்கைப் பார்த்துக் கேட்டால், "பேசினீங்க சரி, எழுதிக் குடுத்தீங்களாம்மா?" என்றார். நான் பேசியதில் ஒரு சொல்கூட தீர்மானப் புத்தகத்தில் இல்லை. மைக்கில் பேசுவது காற்றோடு போய்விடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி என்று மனு எழுதி, தெருக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். "வெச்சிட்டுப் போங்க" என்றார் கிளர்க். நகலில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்துக் கேட்டதற்கு, சீல் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் இருக்கிறது என்று பதில். மறுநாள் போனால் கதவு பூட்டு. அதற்கு மறுநாள், "உங்க தெருவுக்கு ஃபண்டே இல்லைம்மா, மனு எதுக்கு?" என்றார். தையல் வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் நடந்தது வீண். நாலாம் நாள் தபால் ஆபீசுக்குப் போய், ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

ஆனால் ஃபண்ட் இல்லை என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரில் வார்டு உறுப்பினராக இருக்கும் சித்தி ஒருவர் விளக்கிச் சொன்னார். அப்போது (2021-26) மத்திய அரசு தந்த 15-ஆவது நிதிக்குழு மானியம் ஊராட்சிக்கு வரும்போதே இரண்டாகப் பிரிந்துதான் வந்தது. 60 சதவீதம் நிபந்தனையோடு வரும் பணம். அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேமிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். மீதி 40 சதவீதத்தை ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவு செய்யலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. ரோடு போடு, பாலம் கட்டு என்று எல்லோரும் கேட்பது அந்த 40-இல்தான் போய் விழுந்தது, அதனால்தான் அங்கே எப்போதும் நெருக்கடி. வீட்டுக் கழிவுநீரை வெளியேற்றுவது சுகாதாரப் பங்கில் வரும். என் மனுவிலோ "தெருவைச் சீரமைத்து, சாலையும் கால்வாயும் அமைத்துத் தர வேண்டும்" என்று எழுதியிருந்தேன். சாலை என்ற ஒரு சொல் அதை நெருக்கடியான பக்கம் தள்ளிவிட்டது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் வாயிலிருந்து இல்லை என்பது மட்டும்தான் வந்தது.

அக்கா மகன் மொபைலில், ஊராட்சித் திட்டங்களைப் போட்டுவைக்கும் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசுத் தளத்தைத் திறந்து காட்டினான். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் நடப்பு ஆண்டுத் திட்டம் வந்துவிடுகிறது, பாஸ்வேர்டு எதுவும் கேட்பதில்லை. எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, அவனை விட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டு வேலைகள் சுகாதாரத் தலைப்பில் இருந்தன. எங்கள் தெரு எதிலும் இல்லை. நீங்களும் கூட்டத்துக்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். எதில் எவ்வளவு என்று தெரிந்தவரிடம் ஃபண்ட் இல்லை என்று லேசில் சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 2. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு இந்தச் சபையில்தான் தொடங்கும். மனுவைத் திருத்தி எழுதி, நகலெடுத்துக்கொண்டு போனேன். நுழைந்ததுமே கையெழுத்து வாங்கினார்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் சபைக்கு 100 பேர் வர வேண்டும், அந்தக் கணக்குக்காக நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களை முதலிலேயே உட்கார வைத்திருந்தார்கள். வருகைப் பதிவு என்று நினைத்துத்தான் நானும் போட்டேன். அந்தக் கையெழுத்துகள்தான் கடைசியில் தீர்மானங்களுக்குக் கீழே சேர்ந்துகொள்கின்றன என்று தெரியாது. என் மனுவைத் தலைவர் வாங்கினார், "சேர்த்துடலாம்" என்றார். அரை மணி நேரத்தில் தேசிய கீதம்.

இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, அன்றைய தீர்மானங்களின் நகலைக் கேட்டு அனுப்பினேன்.

நவம்பர் 1 சபைக்கு விடிந்ததும் கிளம்பிப் போனேன். ஆள் அரவமே இல்லை. முந்தின நாள் தீபாவளி, சபையை 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். எங்கள் பக்கம் யாரும் தண்டோரா போடவில்லை, நானும் விசாரிக்காமல் போய்விட்டேன். பண்டிகையை ஒட்டி வரும் சபை என்றால் தேதியை ஒருமுறை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சில நாளில் நகல் வந்தது. எங்கள் கால்வாய் அதில் இருந்தது. "மேற்படி தெரு பொதுமக்கள் கோரிக்கை நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." இவ்வளவுதான். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எந்த நிதி, எந்த ஆண்டு, ஒன்றும் கிடையாது. இப்படி எழுதினால் அது திட்டத்தில் ஏறாது. அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்ததைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

நவம்பர் 23-க்கு எங்கள் தெருவிலிருந்து 19 பேர் போனோம். "வாசிச்சுக் காட்டினாத்தான் கையெழுத்து" என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கிளர்க்குக்குக் கோபம். ஆனால் பற்றாளராக, அதாவது சபையைக் கவனிக்க, வந்திருந்த அதிகாரி, "அவங்க கேக்குறது சரிதானே, வாசிங்க" என்றார். அவரை நான் மறக்க மாட்டேன். கூட்டத்துக்குப் பற்றாளர் யார் என்று பார்த்து, ஆரம்பத்திலேயே அவரிடம் நகலைக் கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் நாடா வைத்து அளந்து கொண்டுபோயிருந்தோம், மாரியம்மன் கோயில் முனையிலிருந்து அடிபம்பு வரை 70 மீட்டர், முடிவில் ஓர் உறிஞ்சுகுழி. சுகாதாரத்துக்கான நிபந்தனை நிதியில், 2025-26 திட்டத்தில் என்று நாங்கள் சொல்லச் சொல்ல கிளர்க் எழுதினார். எண் போட்டு உரக்க வாசித்தார். பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம்தான் கையெழுத்து. தீர்மானப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஒரே வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஒதுங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனோம். திட்டமாவது, கால்வாயாவது என்று முன்பு சொன்ன ஆம்பிளைகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 26-இல் திட்டத்தை வாசித்தபோது எங்கள் வேலை அதில் இருந்தது. ஏப்ரலில் அக்கா மகன் மறுபடி தளத்தைத் திறந்தான். எங்கள் தெருப் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள், ஆனால் இருந்தது. ஓவர்சியர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் மண் வெட்டவில்லை.

மே 1 சபையில் ஊராட்சி வரவு செலவை, படிவம் 30-ஐ, எல்லோர் முன்னாலும் வைக்கச் சொல்லி இந்த முறை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டேன். ஒப்புகை அட்டை நேற்று வந்தது.